கடைமடைக்கு எட்டாத குரல்: பார்க்கின்சன் நோயில் பேச்சு ஏன் தேய்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம். அதையொட்டி வரும் செய்திகளில் பெரும்பாலும் நடுங்கும் கையின் படம்தான் இருக்கும். கொஞ்ச காலமாக இன்னொரு வகைச் செய்தியும் சேர்ந்துகொண்டது: செல்போனில் குரலைப் பதிவு செய்தாலே பார்க்கின்சன் இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். கை நடுங்கும் நோய்க்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் குழம்புகிறார்கள்.

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் இதே விஷயம் வேறு மாதிரி பேசப்படுகிறது. "அப்பாருக்கு வயசாயிருச்சுங்க, அதான் முணுமுணுன்னு பேசறாரு." வயதானால் குரல் மெலிவது உண்மைதான். ஆனால் எல்லா முணுமுணுப்பும் வயதால் வருவதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

நோய் இருப்பது கையில் இல்லை

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதினார். அவர் பிறந்த நாள்தான் ஏப்ரல் 11. தமிழில் நடுக்குவாதம், உதறுவாதம் என்று சொல்கிறோம். இந்தப் பெயர்களாலேயே நடுக்கம் மட்டும்தான் நோய் என்ற எண்ணம் வந்துவிட்டது. நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் உள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நாம் செய்யும் ஒவ்வோர் அசைவுக்கும் எவ்வளவு வேகம், எவ்வளவு வீச்சு என்று அளவு வைப்பதில் டோபமைனுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவதுதான் இந்த நோயின் மையம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 மதிப்பீட்டின்படி உலகில் 85 லட்சம் பேருக்கு மேல் இது இருக்கிறது. பெரும்பாலும் 60 வயதுக்கு மேல் வருகிறது.

டோபமைன் குறையும்போது தசை செத்துவிடுவதில்லை. அசைவின் அளவுதான் சிறுத்துப்போகிறது. மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் கிணற்று மோட்டார் ஓடுவதைப் போல. மோட்டாரும் நல்ல மோட்டார், குழாயும் நல்ல குழாய், ஆனால் தண்ணீர் நூலாகத்தான் வரும்.

பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவர் வீட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பால் கணக்கு நோட்டில் இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தையும் இந்த மாதப் பக்கத்தையும் அருகருகே வையுங்கள். எழுத்து பாதியாகச் சுருங்கியிருக்கும். ஒரே வரிக்குள்ளேயே தேதி பெரிதாகத் தொடங்கி, லிட்டர், தொகை என்று போகப்போக எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகியிருக்கும். நடக்கும்போது எட்டு சிறுக்கிறது, எழுதும்போது எழுத்து சிறுக்கிறது, பேசும்போது குரல் சிறுக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்.

பேச்சில் என்னென்ன மாறுகிறது

பார்க்கின்சன் உள்ள 10 பேரில் 7 முதல் 9 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் பேச்சோ குரலோ பாதிக்கப்படுகிறது. மாற்றங்கள் ஒரே நாளில் வருவதில்லை.

1. சத்தம் குறைகிறது. நாம் மூச்சை வெளியே விடும்போதுதான் பேசுகிறோம். நெஞ்சுக்கூட்டுத் தசைகள் இறுகிப்போனால் காற்றின் உந்துதல் குறையும். குரல்நாண்களும் முழுதாக ஒட்டாமல் நடுவே இடைவெளி விடும். அதனால் குரலில் காற்று கலந்து கரகரக்கும்.

2. ஏற்ற இறக்கம் போய்விடுகிறது. எல்லாச் சொல்லும் ஒரே மட்டத்தில் வரும்.

3. மெய்யெழுத்துகள் மழுங்குகின்றன. க், ட், த், ப் எல்லாம் நாக்கோ உதடோ முழுதாக அடைத்துத் திறக்க வேண்டிய ஒலிகள். அடைப்பு அரைகுறையாக இருந்தால் சொல் வழவழவென்று ஆகிவிடும்.

4. சிலருக்குச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடும். சிலருக்கு முதல் சொல்லே எழும்பாது. சிலர் சொன்ன சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

5. முகத்தசையும் இதே நோயில் இறுகுகிறது. சிரிப்பு, வியப்பு, கோபம் எதுவும் முகத்தில் தெரியாது.

ஐந்தாவதைப் பேச்சுக் கோளாறு என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் கேட்பவருக்குப் பாதிச் செய்தி முகத்திலிருந்துதான் கிடைக்கிறது. பேரன் முதல் மார்க் எடுத்ததைச் சொல்லும்போது தாத்தா அசையாத முகத்தோடு, இறங்காத ஏறாத குரலில் "நல்லது" என்றால், அவருக்கு இதில் அக்கறையே இல்லை என்றுதான் அந்தக் குழந்தை நினைத்துக்கொள்ளும். உள்ளே அவர் பூரித்துப்போயிருப்பார்.

"நான் சத்தமாத்தான் பேசறேன்"

இந்த நோயில் வீட்டுச் சண்டைக்குப் பெரிய காரணம் இந்த வாக்கியம். அவர் பொய் சொல்லவில்லை, வீம்பும் பிடிக்கவில்லை. தன் குரலின் அளவை மதிப்பிடும் கணக்கே மூளையில் பிசகிவிடுகிறது. மெல்லப் பேசும்போது அது சாதாரணக் குரலாக அவருக்குப் படும். சாதாரணமாகப் பேச வைத்தால் ஊருக்கே கேட்கும்படி கத்துவதுபோல் கூச்சப்படுவார். பதிவு செய்து போட்டுக் காட்டினால்தான் பலருக்கு உண்மை தெரிகிறது.

"சத்தமா பேசுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வதில் பெரிய பயன் இல்லாததற்கு இதுதான் காரணம். சொன்ன நிமிடம் சத்தம் ஏறும், அடுத்த வாக்கியத்தில் இறங்கிவிடும். பிசகிய கணக்கைத் திரும்பப் பழக்க வேண்டும். அதற்கென்று பயிற்சி இருக்கிறது, பின்னால் பார்ப்போம்.

தமிழ் பேசுகிறவருக்கு இழப்பு எங்கே விழுகிறது

இந்த நோயைப் பற்றிய பேச்சு ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலம் போன்ற மொழிகளில் நடந்தவை. தமிழின் இலக்கணத்தை இதோடு வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது.

பார்க்கின்சனில் ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியத்தின் தொடக்கம் ஓரளவு தெளிவாக இருக்கும், முடிவு தேய்ந்துவிடும். மூச்சு தீர்ந்துபோவதுதான் காரணம். கீழ்பவானி வாய்க்காலில் தலைமடைக்குத் தண்ணீர் வந்துவிடும், கடைமடைதான் காயும். தமிழிலோ பயிர் முழுக்கக் கடைமடையில்தான் இருக்கிறது. வினைச்சொல் கடைசியில் வருகிறது. செய்தாரா செய்யவில்லையா, வேண்டுமா வேண்டாமா, நேற்றா நாளையா, கேள்வியா பதிலா, எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான்.

ஓர் உதாரணம்:

"மாத்திரை போட்டுட்டனுங்க."
"மாத்திரை போடுலீங்க."

முதல் பாதி இரண்டிலும் ஒன்றுதான். "போ" வரைக்கும் கேட்டவருக்கு எதுவுமே தெரியாது. அடுத்து வரும் ஒலியோ ஒன்றில் இரட்டை ட்ட, இன்னொன்றில் ஒற்றை ட. நோய் மழுக்குவது இந்த அடைப்பொலிகளைத்தான். அதற்கப்புறம் இல்லை என்ற பொருள் தரும் "லீங்க" மூச்சுத் தீர்ந்த இடத்தில் விழுகிறது. ஆக மாத்திரை போட்டாரா போடவில்லையா என்பது, அதுவும் நேரத்துக்குப் போட வேண்டிய மாத்திரை, சொன்னவர் வாயிலிருந்து கேட்டவர் காதுக்குள் போவதற்குள் காணாமல் போகிறது.

கொங்கு வழக்கில் இன்னொன்றும் உண்டு. நம் மரியாதையே வாக்கியத்தின் வாலில்தான் தொங்குகிறது. "வந்தனுங்க", "சரிங்க", "ஆமாங்க" என்று பேசிப் பழகிய ஊர். அந்த "ங்க" கேட்காமல் போனால் "வந்தன்", "சரி" என்று மொட்டையாக நிற்கும். சம்பந்தி வீட்டார் முன்னால் இப்படி ஒரு தடவை நடந்தால் போதும். "என்னங்க, அவரு வெடுக்கு வெடுக்குன்னு பேசறாரு" என்ற பேச்சு வந்துவிடும். வாழ்நாள் முழுக்கப் பணிவாகப் பேசிய மனிதருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பது கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் "சரி" என்ற ஒரு சொல். வெட்டிச் சொன்னால் ஒப்புதல். இழுத்தால் மனமில்லாத சம்மதம். குரலை உயர்த்தினால் "மேலே சொல்லு" என்று பொருள். ஏற்ற இறக்கம் போன குரலில் மூன்றும் ஒரே "சரி"தான். கேட்கிறவர் தன் மனநிலைக்குத் தக்கபடி பொருள் எடுத்துக்கொள்கிறார்.

இதற்கு ஒரு கைவைத்தியமும் இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழில் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் கெடாது. முடிவை முதலில் சொல்லப் பழகலாம். "இல்லை. மாத்திரை இன்னும் போடலை." "வேண்டாங்க, காபி." முதல் மூச்சிலேயே முக்கியமான சொல் போய்விட்டால், மீதி தேய்ந்தாலும் நட்டமில்லை. மரியாதைச் சொல்லையும் முன்னால் கொண்டுவரலாம்: "ஏனுங்க" என்று தொடங்கிவிட்டால் கடைசி "ங்க" போனாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முதுமையா, நோயா?

வயதானாலே குரல்நாண்கள் மெலிந்து வளைகின்றன, குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது, நுரையீரல் கொள்ளளவு குறைகிறது. ஆண்களுக்குக் குரல் கொஞ்சம் கீச்சென்று ஏறும், பெண்களுக்குத் தடித்து இறங்கும். ஆனால் முதுமையில் உச்சரிப்பு பெரிதாகக் குலையாது, முகம் உறையாது, ஏற்ற இறக்கமும் ஓரளவு இருக்கும். குரல் சிறுத்ததோடு கீழ்க்கண்டவையும் சேர்ந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது:

1. எழுத்து சிறுப்பது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருப்பது, சட்டைப் பொத்தான் போடத் திணறுவது.
2. மல்லிகை, காபித்தூள் போன்ற வாசனை தெரியாமல் போவது, நாள்பட்ட மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது அல்லது கை காலை வீசுவது. இவை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடியவை.

இரண்டு எச்சரிக்கைகள். பேச்சு சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் திடீரெனக் குழறினால் அது பார்க்கின்சன் இல்லை, பக்கவாதமாக இருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டு உடனே ஓட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. மூன்று வாரம் தாண்டியும் குரல் கரகரப்பு மாறவில்லை, அதுவும் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும்.

தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஃபுளூனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு போன்ற சில மருந்துகளை முதியவர்கள் நாள்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளே வரலாம். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊர்களில் அதிகம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பிடும் எல்லா மருந்தின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அந்த மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும்.

தறிச் சத்தத்தில் போன காது

பேச்சு என்பது இருவர் வேலை. ஒருவர் குரல் தேயும்போது மற்றவர் காது எப்படி இருக்கிறது என்பது கணக்கில் வர வேண்டும். முதுமையில் முதலில் போவது கீச்சொலிகளைக் கேட்கும் திறன். மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டும் நுண்ணொலிகள் பலவும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் இதற்கு மேல் ஒரு சுமை. விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். முப்பது நாற்பது வருடம் அதில் நின்றவர்களின் காது வயதுக்கு முன்பே தேய்ந்திருக்கும். தறியோட்டிய மனைவி, பார்க்கின்சன் வந்த கணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது வெளியே வரவில்லை, வந்ததும் இவர் காதில் ஏறவில்லை. இரண்டு தடவை மனைவி "என்னது?" என்று கேட்பார், மூன்றாம் தடவை கணவரே "ஒண்ணுமில்ல" என்று விட்டுவிடுவார். அந்த "ஒண்ணுமில்ல" ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் நோயின் உண்மையான கனம் தெரியும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். பார்க்கின்சன் உள்ளவர்களின் குரல் மற்றவர்களைவிடச் சராசரியாக 2 முதல் 4 டெசிபல் குறைவு என்று அளந்திருக்கிறார்கள். திறந்த வெளியில் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே உள்ள தூரம் பாதியானால் காதில் விழும் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். திண்ணையின் அந்தக் கோடியிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே நோய் எடுத்துக்கொண்டதைவிட அதிகமாகத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. மனைவியின் காதைப் பரிசோதித்துக் கேட்புக் கருவி வாங்குவதும் கணவரின் பேச்சுக்குச் செய்யும் வைத்தியம்தான். இதை யாரும் யோசிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

வாழ்க்கைத் தரம் என்று எதை அளக்கிறார்கள்

பார்க்கின்சன் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் வினாப்பட்டியல் பிடிகியூ-39. மொத்தம் 39 கேள்விகள், 8 பிரிவுகள். அதில் ஒரு பிரிவு தகவல் பரிமாற்றம். அந்தப் பிரிவில் மூன்றே கேள்விகள்: பேசச் சிரமமாக இருந்ததா, மற்றவர்களிடம் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று தோன்றியதா, மற்றவர்கள் உங்களைப் பொருட்படுத்தவில்லை என்று தோன்றியதா.

மூன்றாவது கேள்விதான் ஊரில் வலிக்கிற இடம். கோயில் நோம்பிக் கூட்டத்தில் வரி எவ்வளவு என்று முடிவு செய்யும்போது, பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு பேசும்போது, இத்தனை வருடம் அவர் சொல்லுக்கு ஓர் எடை இருந்தது. இப்போது அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் பேசி முடித்துவிடுகிறார். பதில் சொல்லச் சற்று நேரமாவதும் நோயின் பகுதிதான், ஆனால் "பெரியவருக்கு நெனவு தப்பிப்போச்சு" என்று கூட்டம் முடிவு கட்டிவிடுகிறது. குரல் தேய்வதும் அறிவு தேய்வதும் வேறு வேறு. சிலருக்குப் பிற்காலத்தில் மறதி வரலாம் என்றாலும், மெல்லப் பேசுகிறார் என்பது அதற்குச் சான்றாகாது. பிறகு அவர் கூட்டத்துக்குப் போவதை நிறுத்துவார், பெங்களூரில் இருக்கும் மகள் போன் செய்தால் "அம்மாகிட்ட பேசு" என்று கைமாற்றிவிடுவார். மனச்சோர்வு இந்த நோயோடு சேர்ந்தே வருவது. பேச்சு நின்றால் அது இன்னும் ஆழமாகும்.

மருந்து எவ்வளவு உதவும், பயிற்சி எவ்வளவு உதவும்

முதன்மையான மருந்து லெவோடோபா. கை கால் இறுக்கத்துக்கும் மந்தத்துக்கும் நன்றாக வேலை செய்கிறது. பேச்சுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது: சிலருக்குத் தெளியும், பலருக்குப் பெரிய மாற்றம் இருக்காது. மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை நடுக்கத்தை நன்றாகக் குறைத்தாலும், சிலருக்குப் பேச்சை மோசமாக்கலாம். அறுவைக்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டு மருந்தாகக் கிடைக்கும் பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனாலேயே மாத்திரையோடு தெரியாமல் சேர்த்தால் அளவு மீறும்.

பேச்சுக்கு நேராக உதவுவது பயிற்சி. அமெரிக்காவில் லொரெய்ன் ராமிக் 1987-ல் தொடங்கிய முறைக்கு, லீ சில்வர்மன் என்ற பெண் நோயாளியின் பெயரையே வைத்தார்கள். வாரம் 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரம், ஆக 16 அமர்வுகள். உச்சரிப்பு, வேகம், ஏற்ற இறக்கம் என்று பத்து விஷயத்தைச் சொல்லிக் குழப்பாமல் "சத்தமாக" என்ற ஒன்றையே பிடித்துக்கொள்வதுதான் இதன் சூட்சுமம். சத்தம் ஏறினால் வாய் தானாக அகலத் திறக்கிறது, மூச்சு ஆழமாகிறது, மெய்யெழுத்துகளும் தெளிகின்றன. பிரிட்டனில் 388 நோயாளிகளிடம் நடத்தி 2024-ல் வெளியான ஆய்வில் இந்த முறை குரல் சிரமத்தைக் குறைத்தது. அங்கே வழக்கமாகத் தரப்படும், இவ்வளவு அடர்த்தியில்லாத பேச்சுப் பயிற்சிக்கு அப்படிப் பலன் தெரியவில்லை. மாதம் ஒரு தடவை போய் வருவது போதாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டாகப் பாடுவதும் நல்லது. ஊர்த் திடலில் வள்ளிக்கும்மி பழகும் இடத்தில், ஆட முடியாவிட்டாலும் ஓரமாக உட்கார்ந்து பின்பாட்டுப் பாடலாம். பயிற்சிக்கு அது மாற்றாகாது, ஆனால் மூச்சைப் பிடிக்கவும், நாலு பேரோடு இருக்கவும் ஒரு வழி.

விழுங்குதல்: குரலோடு ஒட்டிப் பிறந்தது

பேசும் தசைகள்தான் விழுங்கவும் செய்கின்றன. வாயில் எச்சில் வழிவது அதிகம் சுரப்பதால் இல்லை, விழுங்கும் எண்ணிக்கை குறைவதால். தண்ணீர் குடிக்கையில் இருமல், சாப்பிட்ட பின் குரலில் ஈரக் களகளப்பு, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை உணவு மூச்சுக்குழாயில் இறங்குவதற்கான அறிகுறிகள். இப்படி வரும் நிமோனியா பார்க்கின்சன் நோயாளிகளின் இறப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. படுக்க வைத்துக் கஞ்சி ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, டிவியை அணைத்து, சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காமல் ஊட்ட வேண்டும்.

செல்போன் கண்டுபிடிக்குமா?

குரல் அதிர்வின் சின்னச் சின்னத் தடுமாற்றங்களைக் கணினி அளப்பது உண்மைதான், ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆனால் சளி, தைராய்டு, வயது, மட்டமான மைக் எல்லாமே அந்த அளவைக் குழப்பும். செயலி சொன்னதை வைத்துப் பயப்படவோ நிம்மதியடையவோ வேண்டாம். நோயை முடிவு செய்வது மருத்துவரின் நேரடிப் பரிசோதனைதான்.

அதே செல்போன் வேறொரு வேலைக்கு, குரல் மாதாமாதம் எப்படி மாறுகிறது என்று பார்க்க, நன்றாக உதவும். மாதம் ஒரு நாள், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஒரே இடத்தில் ஒரே தூரத்தில் போனை வைத்து, ஒரே பத்தியைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தினத்தாளில் எந்தப் பத்தியானாலும் சரி, ஒவ்வொரு மாதமும் அதே பத்தியாக இருக்க வேண்டும்.

எங்கே போவது

பேச்சுப் பயிற்சியாளர்கள் பொதுவாகப் பெரிய மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவோடு சேர்ந்து இருப்பார்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளலாம். நரம்பியல் மருத்துவர் தானாக அனுப்பாவிட்டால் "பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுங்க" என்று நீங்களே கேளுங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். நடை, சமநிலைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பார்க்கின்சன் நோயும் இருக்கிறது, பேச்சு மொழிக் குறைபாடும் தனியாக இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர்கள் சான்று தந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுச் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். சான்றுக்குப் போகும்போது மாதாமாதம் பதிவு செய்த அந்தக் குரலையும், சிறுத்துப்போன பால் நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.